கீழே ஒரு வரி தமிழ்

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் காதில் விழுவதெல்லாம் தமிழ்தான். தக்காளி விலை பேசுவது, கடன் கேட்பது, சண்டை போடுவது எல்லாம். தலையை நிமிர்த்தினால் பலகையில் மலையாளம், அடுத்து இங்கிலீஷ். அவ்வளவுதான்.

மலையாளம் வேண்டாம் என்று யார் சொன்னது? இது கேரளா, அது மேலே பெரிசாக இருக்கட்டும். கீழே ஒரு வரி தமிழ் போட என்ன கேடு? போன வாரம் அம்மா மருந்துச் சீட்டோடு ரத்தம் எடுக்கிற லேப் வாசலில் கால்மணி நேரம் நின்றிருக்கிறார். மருந்துக்கடை அடுத்த கதவு. மலையாளம் நன்றாகப் பேசுவார். படித்ததோ தமிழ்ப் பள்ளியில், அஞ்சாவது வரை.

தமிழில் போடுகிறேன் என்று போடுவது இன்னும் எரிச்சல். ஒரு புது பேக்கரி ஃபிளெக்ஸில் 'பே'யின் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் தனியாகத் தொங்குகிறது. பழச்சாறு 'பளச்சாறு' ஆகிவிட்டது. "ஏனுங்கண்ணா, அடிக்கறதுக்கு முன்னால எங்கள்ல ஒருத்தர்கிட்டக் காட்டியிருக்கலாமுங்களே" என்று கடைக்காரரிடம் கேட்டேன். "புரிஞ்சாப் போதுமுங்க" என்கிறார். மலையாளத்தில் ஓர் எழுத்து பிசகியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பார்.

1956இல் மொழிவாரியாகப் பிரித்தபோது எங்கள் ஊர் இருக்கிற சித்தூர் தாலுகா கேரளாவோடு போனது. இங்குள்ள தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. மனுவுக்கு ஆகிற தமிழ் மருந்துக்கடைக்கு ஆகாதா?

அம்மா இப்போது பச்சைக் கூட்டல் குறியைத் தேடித்தான் போகிறார்.