அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் மணவிலக்கு உண்டு

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப்புறங்களில் மணவிலக்கு பற்றிப் பேச்செடுத்தாலே பெண்கள் சொல்வது, "அவரு சைன் போட மாட்டேங்கிறாரே!" இதை நம்பியே வருடக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டு இருப்பவர்களை எனக்குத் தெரியும். நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது, ஏனென்றால் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இருவரும் ஒத்துக்கொண்டால் கூட்டு மனு. ஒருவர் மறுத்தால் மற்றவர் தனியாகவே உயர்நீதிமன்றத்தில் மனுப் போடலாம். இனி ஒட்டாத அளவுக்கு மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். கள்ள உறவு வைத்த துணையோடு இனி வாழவே முடியாத நிலை, சேர்ந்து வாழச் சொல்வதே நியாயமில்லாத நடத்தை, இரண்டு வருடமாவது கைவிட்டுப் போனது, இரண்டு வருடமாவது பிரிந்து வாழ்வது ஆகியவற்றை நீதிபதி பார்ப்பார்.

நம் ஊரில் பலரும் கள்ள உறவு ஒன்றுதான் காரணம் என்று நினைத்து, கைப்பேசியை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அடி உதையை ஏன் யாரும் சொல்வதில்லை? நடத்தை என்பதில் அதுவும் அடங்கும். அடிபட்ட அன்றே போலீஸ் புகார் செய்து, ஆஸ்பத்திரிக்கும் போய் அறிக்கை வாங்கி வையுங்கள். வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று மறைத்தால், பிறகு காட்டுவதற்கு நம் கையில் எதுவும் இருக்காது.

கல்யாணமாகி இரண்டு வருடத்துக்குள் பொதுவாக மனுப் போட முடியாது. ஆனால் மிகக் கடுமையான துன்பம் இருந்தால் நீதிபதியிடம் அனுமதி கேட்கலாம்.

எனக்கு இந்தச் சட்டத்தில் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. தனி மனு போடுவதற்கு முன், திருமணங்களைப் பதிவு செய்யும் அரசாங்கப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்கு, அதாவது இருவரையும் சேர்த்து வைக்கப் பேசும் குழுவுக்கு, போக வேண்டும். கணவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாவிட்டால் போக வேண்டியதில்லை. அவன் ஐந்து வருடமோ அதற்கு மேலோ சிறையில் இருந்தாலும் விலக்கு உண்டு. ஆனால் அடி வாங்கிய மனைவிக்கு மட்டும் தெளிவான விலக்கு இல்லை. விசேஷச் சூழ்நிலை என்று சொல்லி அவள்தான் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அடித்தவனுக்கு எதிரே உட்கார்ந்து சமரசம் பேசு என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்ல முடிகிறது? குடும்ப வன்முறைக்கென்றே 1994இல் தனிச் சட்டம் கொண்டுவந்த நாடு இது. அதன்கீழ் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய பெண்ணுக்கு இந்தக் குழுவிலிருந்து நேரடி விலக்கு தர வேண்டும்.

அப்புறம், பதிவுத் திருமணம். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982க்குப் பிறகு நடந்த கல்யாணம் பதிவாகாமல் இருந்தால், மணவிலக்கு கேட்கப் போகும் இடத்தில் முதல் கேள்வியே திருமணப் பதிவுச் சான்றிதழ் எங்கே என்பதுதான்.

பிள்ளைகள் பறிபோய்விடுவார்கள் என்று மிரட்டுகிறவர்களும் உண்டு. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்றுதான் சட்டம் தொடங்குகிறது. தகுந்த காரணம் காட்டினால்தான் அது மாறும்.

லாயருக்குக் காசில்லை என்பது உண்மையான கஷ்டம். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை மணவிலக்கு வழக்கையும் எடுத்து நடத்துகிறது. கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன்மார்களே, திருவிழா நோட்டீஸுக்குப் பக்கத்தில் அந்த அலுவலகத்தின் முகவரியையும் ஒட்டி வையுங்கள். பஞ்சாயத்துப் பேச வரும் பெண்ணிடம் "அனுசரிச்சுப் போம்மா" என்பதற்கு முன்னால் அதைக் காட்டுங்கள்.