ரத்தம் படாத கடிதங்கள்

2014 மே 16. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். அதிமுக 37 தொகுதிகளை அள்ளிக்கொண்டிருந்ததை எல்லோரையும் போல நானும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நாளில் உச்ச நீதிமன்றம் ஆறு பேரை விடுதலை செய்தது எனக்குத் தெரியவே தெரியாது. ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்தேன். அன்றிலிருந்து, "தீவிரவாதிக்கு எதுக்குங்க வக்கீல்?" என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

குஜராத் அக்சர்தாம் கோயில் வழக்கு அது. 2002 செப்டம்பரில் இரண்டு பேர் துப்பாக்கியோடு புகுந்து 30க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். கமாண்டோக்கள் அந்த இருவரையும் சுட்டு வீழ்த்தினார்கள். அவர்களுடைய பாக்கெட்டில் உருதுக் கடிதங்கள் கிடைத்தன, அவற்றை எழுதிக் கொடுத்தவர் ஒரு முஃப்தி (இஸ்லாமியச் சட்ட அறிஞர்) என்றது போலீஸ். உடம்பெல்லாம் குண்டு துளைத்திருக்கிறது, துணியெல்லாம் ரத்தம். பாக்கெட்டில் இருந்த காகிதத்தில் மட்டும் ஒரு கிழிசல் இல்லை, ஒரு சொட்டுக் கறை இல்லை!

இந்தக் காகிதத்தையும், போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலங்களையும் வைத்துத்தான் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் ஆறு பேரும் குற்றவாளிகள் என்று சொல்லி, அவர்களில் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றமும் 2010இல் அதை உறுதி செய்தது. கறை எங்கே என்று கேட்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வக்கீல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் வக்கீல்.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. வெள்ளைக்காரனுக்கே தன் போலீசை நம்பப் பயமாக இருந்திருக்கிறது. சுதந்திர இந்தியாவில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும் அதற்குப் பின் வந்த பொடாவும் அந்தக் கதவைத் திறந்துவிட்டன. எஸ்.பி. அந்தஸ்தில் ஒருவர் எழுதி வாங்கினால் போதும், அது சாட்சியம்.

அதன் விலை என்ன என்று நமக்குத் தெரியாதா? ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. இது தடா சட்டத்தின்படி பயங்கரவாதக் குற்றமே இல்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது.

அந்த வழக்கில் பேரறிவாளன் வாங்கிக் கொடுத்தது, குண்டுக்குப் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு 9 வோல்ட் பேட்டரி. எதற்கென்று தெரியாமல்தான் வாங்கினேன் என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, வாக்குமூலம் வாங்கிய சிபிஐ அதிகாரியே ஓய்வுபெற்ற பிறகு, 2013இல் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். 19 வயதில் உள்ளே போனவர் விடுதலையானது 2022இல். அதுவும் நிரபராதி என்ற தீர்ப்பால் இல்லை, அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவு உச்ச நீதிமன்றத்துக்குத் தரும் சிறப்பு அதிகாரத்தால்.

இப்போது இருப்பது யுஏபிஏ என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். அதில் போலீஸ் வாக்குமூலத்துக்கு இடமில்லை, சரி. ஆனால் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தச் சட்டத்தில் கைதான திருச்சிக்காரர், பாதிரியார் ஸ்டான் சுவாமி, நடுக்குவாத நோயாளி, தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப் போட்டார். 84 வயதில், விசாரணை தொடங்கும் முன்பே, காவலில் இருந்தபடியே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

"செத்தவர்களுக்கு மனித உரிமை இல்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அக்சர்தாமில் குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு யார் பதில் சொல்வது? இவர்கள்தான் செய்தார்கள் என்று பல ஆண்டுகள் அவளை நம்பவைத்தார்கள். அப்புறம் இவர்கள் இல்லை என்றாகிவிட்டது. பின்னே யார்? தப்பான ஆளைப் பிடித்து உள்ளே போட்டதில் அவளும்தானே ஏமாற்றப்பட்டாள்?

அக்சர்தாம் வழக்கில் விடுதலையானவர்கள் இழப்பீடு கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். விடுதலையானதாலேயே இழப்பீடு கேட்க முடியாது என்று 2016இல் அனுப்பிவிட்டார்கள்.