குளிக்க முடியாத குளங்களும் ஊர் வாழ்க்கையும்

குமரி மாவட்டத்தைப் பற்றி வெளியூர் நண்பர்கள் பேசத் தொடங்கினால் முதலில் சொல்வது இங்குள்ள காலநிலையைத்தான். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைக்கும் மண், ஆனி ஆடியில் சாரல், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை, ஓய்வு பெற்றபின் வந்து குடியேற ஏற்ற இடம் என்று அடுக்குவார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் இங்கே குடியிருப்பவர்களுக்குப் பங்குனியும் சித்திரையும் என்னவென்று தெரியும். வெயிலின் அளவு மதுரையையும் வேலூரையும் விடக் குறைவாகவே இருக்கும். ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை உலராமல், இரவிலும் உடம்பின் சூடு இறங்காமல் கிடக்க வேண்டும். இந்தப் புழுக்கத்துக்கு ஊர் வைத்திருந்த மருந்து குளம். அதனால்தான் ஒரு கிராமம் வாழத் தகுந்ததா என்று யாராவது கேட்டால், சாலையையும் செல்போன் கோபுரத்தையும் பார்க்கும் முன்பு, அந்த ஊர்க் குளத்தில் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கிறார்களா என்று நான் பார்க்கிறேன்.

மாவட்டத்தின் மேற்கே உள்ள பெரும்பாலான கிராமங்களில் இன்று அதற்கு விடை 'இல்லை' என்பதுதான். இதற்கு மழை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்வது எளிது. ஆனால் 2021 நவம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் மிதந்த மாவட்டத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் ஆட்சியில், 1906இல் கட்டி முடிக்கப்பட்டது; பெருஞ்சாணி 1953இல் சேர்ந்தது. இந்த அணைகளிலிருந்து வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கப்படும் தண்ணீர், சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாய் வழியே குளத்துக்கும், குளத்து மடை வழியே வயலுக்கும், வயலின் வடிகால் வழியே அடுத்த குளத்துக்கும் போய், கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லையும் விளைவித்தது. போகிற வழியெல்லாம் கிணறுகள் ஊறின. நாம் குளித்தது, நீந்தியது, மாலையில் சானல்கரையில் நடந்தது எல்லாம் அந்த நெல் விவசாயத்தின் தயவில் இலவசமாகக் கிடைத்தவை. யாரும் பொழுதுபோக்குக்கென்று திட்டமிட்டுக் கட்டிக் கொடுத்ததில்லை. வயல் வாழையாகி, தென்னையாகி, ரப்பராகி, கடைசியில் வீட்டுமனையானபோது, சானலின் கடைசி எல்லையான கடைவரம்பு வரை தண்ணீர் வர வேண்டும் என்று சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று. குளம் எந்தத் துறையின் பொறுப்பு என்று கேட்டால் நீர்வளத்துறையையும் ஊராட்சியையும் மாறி மாறிக் கைகாட்டுவார்கள். குளிப்பது யாருடைய பொறுப்பு என்று கேட்டால் இருவரும் சிரிப்பார்கள்.

எங்கள் ஊர்க் குளத்தில் இரண்டு படித்துறைகள் உண்டு. ஆண்கள் துறையின் கடைசிப் படி பாசியேறி வழுக்கும். அதைத் தாண்டித் தண்ணீரில் விழும் பிள்ளையின் கையில் மிதப்பதற்கு ஒரு வாழைத்தடையை, அதாவது வாழைமரத் துண்டைக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் தோர்த்துத் துண்டைப் பிழிந்தபடி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீச்சல் வகுப்பு அவ்வளவுதான். பெண்கள் துறையில் துணி துவைப்பது ஒரு மணி நேர வேலை என்றால் பேச்சு இரண்டு மணி நேரம் ஓடும். வீட்டு வேலையை விட்டு வெளியே வந்து, திறந்த வெளியில், சேர்ந்து இருப்பதற்கு அவர்களுக்கு வேறு இடமும் இருந்ததில்லை. பழங்காலத்தைப் பொன்னாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. எல்லாக் குளத்திலும் எல்லாச் சாதியினரும் இறங்க முடியாதிருந்த காலமும் இதே மண்ணில்தான் இருந்தது. அந்தத் தடைகளைத் தாண்டி எல்லோருக்கும் பொதுவான பிறகு குளம் சாக்கடையாகிவிட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போது அந்தக் குளத்தை ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது. கோழிக்கடைக் கழிவு மூட்டைகள் இரவோடு இரவாக வந்து விழுகின்றன. கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் அமீபா மூளைக்காய்ச்சலால் உயிர்கள் போனதிலிருந்து, எல்லையோரத்துப் பெற்றோர் பிள்ளைகளைக் குளத்துப் பக்கமே விடுவதில்லை. அந்த அச்சத்தைக் குறை சொல்ல மாட்டேன். வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீரில் பெருகி, மூக்கின் வழியே மூளைக்கு ஏறும் கிருமி அது. வெப்பம் கூடக்கூட, ஓட்டம் நின்ற குளங்களில் இத்தகைய ஆபத்தும் கூடும். ஆனால் அதற்கு மாற்று மருந்து குளத்துக்குப் பூட்டுப் போடுவதல்ல, தண்ணீர் வந்து போகும்படி செய்வது.

கடற்கரைக் கிராமங்களின் கதை வேறு விதம். தூத்தூர் வட்டாரம் கால்பந்துக்குப் பெயர் பெற்றது. அந்த ஆட்டம் வளர்ந்தது மணலில். கடலரிப்பில் மணல் போன இடங்களில் தடுப்புச்சுவரின் கருங்கல்லும், அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் அடுக்கிய தூண்டில் வளைவும் நிற்கின்றன. வீடுகளைக் காக்க அவை வேண்டும்தான். கல்லின் மேல் யாரும் பந்தாட முடியாது.

இதற்கிடையில் சுற்றுலாவுக்குப் பணம் வருகிறது. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 37 கோடி ரூபாயில் கட்டப்பட்டு 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நானும் குடும்பத்தோடு போய் நடந்தேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் வருகிறவர்களுக்கு ஒருநாள் காட்சி, இருக்கிறவர்களுக்கு அன்றாடத் தேவை. இரண்டுக்கும் ஒரே கணக்கு எழுதக் கூடாது. அருவிக்கும் கடலுக்கும் போய்க் குளிக்கலாமே என்பவர்கள், திடீரெனப் பெரிய அலைகள் எழும் கள்ளக்கடல் பற்றிய எச்சரிக்கை இருந்த 2024 மே மாதத்தில், இதே மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐவர் மாண்டதை நினைத்துப் பார்க்க வேண்டும். நீச்சல் தெரிந்தவரையும் விடாத கடல் அது.

குளத்தை அழகுபடுத்தும் திட்டங்களிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. பக்கத்து ஊர் ஒன்றில் கரை முழுக்கக் கான்கிரீட் போட்டு, ஓடு பதித்து, வண்ண விளக்கு வைத்து, கம்பிவேலி அடைத்திருக்கிறார்கள். படித்துறையைக் காணோம். சாக்கடைக் குழாய் மட்டும் வேலிக்கு அடியில் பழையபடி குளத்துக்குள் பாய்கிறது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

செய்ய வேண்டியதைப் பேச நமக்கு ஒரு நாள் இருக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபை. அந்த நேரத்தில் வழக்கமாகச் சானலில் தண்ணீர் விடுவது நிறுத்தப்பட்டிருக்கும். ஜூன் திறப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கும். கடைவரம்பு வரை சானலைத் தூர்வாருவது, மடையைச் சரிசெய்வது, எந்தெந்த வீட்டுக் கழிவுநீர் குளத்தில் விழுகிறது என்று பட்டியல் எடுத்து நிறுத்துவது, இரண்டு படித்துறைகளையும் செப்பனிடுவது ஆகிய நான்கையும் தீர்மானமாக எழுதிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். வரவு செலவு வாசித்து, கையெழுத்து வாங்கி, டீ குடித்துக் கலைகிற கூட்டத்தில் இதைக் கேட்டால் சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும். எங்கள் ஊரில் அடுத்த கூட்டத்தில் நான் கேட்கத்தான் போகிறேன்.