நாற்பது ரூபாய்க்குக் கணக்கு

போன மாதம் ஒரு பள்ளியில் ‘மாதிரி நாடாளுமன்றம்’ பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பையன் பிரதமர். கணீர்க் குரல் உள்ள பெண் சபாநாயகர். எதிர்க்கட்சித் தலைவர் மூன்றாவது கேள்வி முடிந்ததும் வெளிநடப்பு செய்ய வேண்டும் என்று கையில் இருந்த தாளிலேயே எழுதியிருந்தது. அப்படியே செய்தார். வெளிநடப்பு செய்தவர்கள் மேடைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த காட்சிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் கைதட்டினோம்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. இளைஞர் நாடாளுமன்றப் போட்டி 1966இலேயே டெல்லிப் பள்ளிகளில் தொடங்கிவிட்டது. நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போட்டி என்றால் மதிப்பெண், மதிப்பெண் என்றால் ஒத்திகை. ஒத்திகை பார்த்த விவாதத்தில் யார் மனசு மாறப்போகிறது? மசோதா நிறைவேறும் என்பது வாட்ச்மேனுக்குக்கூட முதல் நாளே தெரியும்.

என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்கு ஆட்சி நடத்தச் சொல்லித்தர வசனம் வேண்டாம். கொஞ்சம் நிஜப் பணம் கொடுங்கள், தோற்கவும் விடுங்கள். நான் என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினர். அங்கே நடந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

பழைய மாணவர் ஒருவர் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார். சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு டீச்சர்தான் சொன்னார்: “என் கிளாஸ் பிள்ளைங்ககிட்ட விட்டுப் பார்ப்போமே. கிராம சபை மாதிரி கூடி முடிவு பண்ணட்டும்.”

மொத்தம் 46 பேர். பையன்களுக்கு வாலிபால் நெட் வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். இரண்டு வருடமாக ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மேலாண்மைக் குழுவில் இருந்துகொண்டு அன்றைக்குத்தான் எனக்கு இது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வாக்கெடுப்பு நடந்தது. நெட்டுக்கு 26, தாழ்ப்பாளுக்கு 20. பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். நான் டீச்சரைப் பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்று. அவர் வாயே திறக்கவில்லை.

அப்போது பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, “நெட் என்ன விலை?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. விலை தெரியாமலே ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்! கூட்டம் ஒத்திவைப்பு. மறுநாள் இரண்டு பையன்கள் டவுனுக்குப் போய் விசாரித்து வந்தார்கள். நெட்டும் பந்தும் 2,400. நான்கு கதவுக்குத் தாழ்ப்பாள், ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து 1,060. இரண்டும் வாங்கலாம், மிச்சமும் இருக்கும். மறுபடி கைதூக்கினார்கள். கேரம் போர்டு கேட்ட மூன்று பேர் மட்டும் தூக்கவில்லை.

தீர்மானம் எழுதும்போது, பழக்கதோஷத்தில் டீச்சர் “ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது” என்று சொல்லிவிட்டார். எழுதிக்கொண்டிருந்த பையன் பேனாவை நிறுத்திவிட்டான். “மூணு பேர் கை தூக்கலையே டீச்சர்?” கடைசியில் “ஆதரவு 43, எதிர்ப்பு 3” என்று எழுதினான்.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு எழுதியிருக்க மாட்டேன். பொருள் வாங்கிக் கணக்கு வாசித்த அன்று ஷேர் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் என்று ஒரு வரி வந்தது. ரசீது எங்கே? ஷேர் ஆட்டோவில் யார் ரசீது கொடுப்பார்கள்? “நடந்தே வந்திருப்பீங்க” என்று ஒருவன் சொல்ல, சண்டை. தலைமையாசிரியர் நாற்பது ரூபாயைத் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். “வேண்டாம் சார், கணக்கு தப்பாயிடும்” என்று பொருளாளர் பெண் மறுத்துவிட்டாள். இரண்டு வாரம் இழுத்தது. முடிவில் அவர்களே ஒரு விதி போட்டார்கள்: ஐம்பது ரூபாய் வரை ரசீது இல்லாத செலவை ஒரு சீட்டில் எழுதி, கூடப் போன இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வவுச்சர்! அதை நான் வேலைக்குச் சேர்ந்து, மேனேஜரிடம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

ராஜஸ்தானில் திலோனியா பக்கம் இரவுப் பள்ளிகளில் பிள்ளைகள் நாடாளுமன்றம் ஒன்று உண்டு. பகலில் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் தேர்தலில் நின்று உறுப்பினராகி, தங்கள் பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று தாங்களே கண்காணிக்கிறார்கள். அதை வெறும் ‘மாதிரி’ என்று சொல்ல மனம் வரவில்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அந்த வகுப்பில் நான்கு பேரைக் கூட்டிப் போனேன். ஓட்டுரிமை இல்லாததால் சபையில் உறுப்பினர் கிடையாது, உட்கார்ந்து பார்க்கலாம். எங்கள் ஊர் அளவுக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், 200 பேர். பந்தலில் பாதிகூட இல்லை. ஆனால் கையெழுத்து நோட்டு பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தது. வரவு செலவை ரயில் வேகத்தில் வாசித்து முடித்தார்கள். “ஏகமனதாக” என்ற வார்த்தை வந்ததும் தீர்மானம் எழுதிய பையன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த கூட்டம் நவம்பர் 1, உள்ளாட்சி நாள். வருகிறோம் அத்தை என்று நான்கு பேரும் சொல்லியிருக்கிறார்கள். பொருளாளர் பெண் நோட்டும் பேனாவும் கொண்டுவரலாமா என்று கேட்டாள். கொண்டுவா என்றேன்.