பலகைக்கு அடியில் கிடப்பவர்களுக்கும் ஒரு சான்றிதழ்

மாடல் ரயில் ஓட்டுபவர்களுக்கு ஏதாவது அங்கீகாரம் கிடைத்தால், "பொம்மை ரயிலுக்கெல்லாமா விருது?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். அப்புறம் நானே ஒரு பலகையில் 'என்' ஸ்கேலில் பாதை போட ஆரம்பித்தேன். (அது ஆங்கில எழுத்து, 'என்னுடைய' அல்ல.) நிஜத்தில் 160 அடி இருப்பது அதில் ஒரு அடி. தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 9 மில்லிமீட்டர்.

போன வண்டி அதே பாதையில் திரும்பி வரட்டும் என்று முனையில் ஒரு வளையம் போட்டேன். கடைசித் துண்டை இணைத்ததும் மொத்தப் பாதையும் செத்துப்போனது. சக்கரத்தைத் துடைத்தேன், எஞ்சினை மாற்றினேன், சால்டரிங்கை எல்லாம் பிரித்து மறுபடி வைத்தேன். மூன்று நாள் போனது. இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய ஒருவர் வந்தார். பலகையைத் தொடவே இல்லை. இரண்டு தண்டவாளங்களும் மின்சாரத்தின் எதிரெதிர் முனைகள் அல்லவா, ஒரு காகிதத்தில் இடதைச் சிவப்பிலும் வலதை நீலத்திலும் வரைந்து, "விரலை வைத்துப் பின்தொடருங்கள்" என்றார். வளையத்தைச் சுற்றி வந்த சிவப்புக் கோடு நேராக நீலத்தில் போய் முட்டியது. ஷார்ட் சர்க்யூட்! வளையத்தின் இரு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரித்து, உள்ளே போகும் மின்சாரத்தை மட்டும் திருப்பிவிட ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிச் சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் கிடைக்கும் அங்கீகாரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பார்வையாளர்கள் ஓட்டுப் போடும் கண்காட்சிகளில் மலையும் அருவியும் வைத்தவருக்கே பரிசு போகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்ட் என்ற மாடல் ரயில் கண்காட்சிக்கு உலகிலேயே பெரியது என்று கின்னஸ் சாதனை. தகுதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அளவை நாடாவால் அளந்துவிடலாம். பொறுமையாக விளக்குவதை எதைக்கொண்டு அளப்பது?

அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய தேசிய மாடல் ரயில் சங்கம் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. நான்கு துறைகளில் மொத்தம் 11 பிரிவுகள். நான்கு துறைகளையும் தொட்டு ஏழில் சான்றிதழ் பெற்றால் 'மாஸ்டர்' பட்டம். அடுத்தவரைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. மாடல்களுக்கு 125-க்கு 87.5 மதிப்பெண் எடுத்தால் போதும், எத்தனை பேர் எடுத்தாலும் அத்தனை பேருக்கும் உண்டு. எஞ்சின், பெட்டி, இயற்கைக்காட்சி, மின்வேலை எல்லாம் தனித்தனிப் பிரிவுகள். எனக்குப் பிடித்தது வேறு: இதைப் பற்றி எழுதுவதற்கும், சங்கத்துக்காகத் தன்னார்வமாக உழைப்பதற்கும்கூடத் தனிச் சான்றிதழ் இருக்கிறது.

பலகைக்கு அடியில் நடக்கும் மின்வேலையை லேசாக நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான எம்ஐடியில் 1946-இல் உருவான மாணவர் மாடல் ரயில் கிளப்பில், சிக்னலையும் மின்சாரத்தையும் கவனித்த குழுவினர்தான் பிற்பாடு கணினியில் புகுந்து விளையாடியவர்கள். 'ஹேக்கர்' என்ற சொல் கணினி உலகுக்கு வந்ததே அவர்கள் பேச்சுவழக்கிலிருந்துதான். பொம்மை ரயிலாம்!

என் வளையம் இப்போது ஓடுகிறது. நீளம்தான் கொஞ்சம் குறைவாகப் போட்டுவிட்டேன். ஆறு பெட்டிக்கு மேல் கோத்தால் முன் சக்கரம் ஒரு வெட்டிலும் பின் சக்கரம் இன்னொரு வெட்டிலும் ஏறி நிற்கிறது, மறுபடியும் ஷார்ட்.