சோற்றை நிறுத்தியாச்சு, அந்தக் கலோரி எங்கே போச்சு?

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையை லோ-கார்ப், பேலியோ, கீட்டோ என எந்தப் பெயரில் ஆரம்பித்தாலும் பலரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடத்தில் தட்டில் என்ன வரவேண்டும் என்று கணக்குப் போடுவதில்லை. முதல் வாரம் எடை 2 கிலோ இறங்கும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நான்காவது வாரம் தலைசுற்றல், எரிச்சல், மாடிப்படி ஏறினால் கால் நடுக்கம். மூன்றாவது மாதம் சீப்பில் கொத்தாக முடி. "லோ-கார்ப் நமக்கு ஒத்துக்கல" என்று பழையபடி சோற்றுக்கே திரும்பிவிடுவார்கள். இதில் பெரும்பாலானவை மாவுச்சத்து குறைந்ததால் வந்தவை அல்ல. சாப்பாடே குறைந்துபோனதால் வந்தவை.

மதியம் 300 கிராம் சோறு என்பது ஏறத்தாழ 390 கலோரி. காலையில் நாலு இட்லி, இரவில் எண்ணெய் விட்டு மூன்று தோசை என்று சேர்த்தால் 1000-ஐ நெருங்கும். அதை முழுக்க எடுத்துவிட்டு இரண்டு முட்டையும் ஒரு தட்டு வெள்ளரிக்காயும் வைத்தால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

மேலே போகுமுன் ஒன்று. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறு ஆபத்து: சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இவர்கள் மருத்துவரிடம் பேசி, மருந்தை மாற்றியமைத்த பிறகே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பக்கமே தானாக வரக்கூடாது.

இனி கணக்கு. ஓய்வில் உடம்பு எத்தனை கலோரி செலவழிக்கிறது என்று பார்க்க மிஃப்லின்-செயின்ட் ஜோர் சூத்திரம் போதும். எடையை (கிலோ) 10-ஆல் பெருக்குங்கள், உயரத்தை (செ.மீ.) 6.25-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், வயதை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். பெண் என்றால் மேலும் 161 கழிக்க வேண்டும், ஆண் என்றால் 5 கூட்ட வேண்டும். 42 வயது, 160 செ.மீ., 78 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு 780 + 1000 - 210 - 161 = 1409. சும்மா படுத்திருந்தாலே உடம்பு செலவழிப்பது இது. வீட்டு வேலை, கொஞ்சம் நடை என்று 1.3-ஆல் பெருக்கினால் 1830. இதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் சுமார் 1450. அவர் தினமும் சாப்பிட வேண்டிய அளவு இதுதான், 700 அல்ல.

இந்த 1450-ஐப் பங்குபோடும்போது புரதம் முதலில். குறிவைக்கும் எடைக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை வைக்கலாம். இவருக்கு 60 கிலோதான் குறி என்றால் 85 கிராம் சரி, அது 340 கலோரி. நார்ச்சத்து போக மாவுச்சத்து 40 கிராம், 160 கலோரி. மிச்சம் 950. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஆக 105 கிராம் கொழுப்பு. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். காலம் முழுக்க "எண்ணெய் ஆகாது" என்று கேட்டு வளர்ந்தவர்கள், மாவையும் குறைத்துக் கொழுப்பையும் குறைத்தால் சீக்கிரம் இளைக்கலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டையும் குறைத்தால் அது வெறும் பட்டினி. மிக வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

தட்டில் இது எப்படி இருக்கும்? காலையில் மூன்று முட்டை ஆம்லெட், 10 கிராம் நெய்யில், கூடவே 20 பாதாம்: 445 கலோரி. மதியம் தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறி, பச்சையாக எடை போட்டு 200 கிராம், வெங்காயம் தக்காளி 100 கிராம், தேங்காய் 20 கிராம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன் சேர்த்துக் குழம்பு. பக்கத்தில் 200 கிராம் முட்டைக்கோஸ் பொரியல், ஒரு டீஸ்பூன் தேங்காயெண்ணெயில். இது 510. சாயங்காலம் 30 கிராம் தேங்காய்ப் பத்தை, 105. இரவு 80 கிராம் பனீர், 100 கிராம் குடைமிளகாய், 10 கிராம் நெய், 330. 100 கிராம் தயிரை மோராக்கிக் குடித்தால் 60. மொத்தம் 1450.

எதிர்ப்பக்கம் தடுக்குகிறவர்களும் உண்டு. நம் முகநூல் பேலியோ குழுமங்களால் பிரபலமான காலை உணவு நூறு பாதாம். ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம், நூறு என்றால் 120 கிராம், கிட்டத்தட்ட 700 கலோரி. மேலே சொன்ன பெண்ணுக்கு நாளின் பாதி அதிலேயே முடிந்தது, கிடைத்த புரதமோ 25 கிராம். அதன்மேல் 30 கிராம் வெண்ணெய் போட்ட டீ இன்னொரு 215. பிறகு, "மாவே தொடவில்லை, எடை ஏன் இறங்கவில்லை?" என்ற கேள்வி வருகிறது. 2018-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில் 609 பேரைப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. லோ-கார்பின் பலம் பசியை அடக்கிவைப்பதும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும். கலோரிக் கணக்கிலிருந்து அது யாருக்கும் விலக்கு தருவதில்லை.

கணக்குக்கு ஒரு டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும், கண் திட்டம் எண்ணெயில் ஏமாற்றும். எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து, அது காட்டும் எடையைப் பூஜ்யமாக்குங்கள். கடாயில் ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் திரும்ப வையுங்கள். மைனஸ் 14 என்று காட்டினால் 14 கிராம் போயிருக்கிறது, அதாவது 126 கலோரி. கரண்டியும் வேண்டாம், ஊகமும் வேண்டாம். குடும்பத்துக்கே ஒரே குழம்பு என்றால் சட்டியின் வெற்று எடையை ஒருமுறை எழுதிவையுங்கள். 1150 கிராம் சட்டி, குழம்போடு 2650 என்றால் குழம்பு 1500 கிராம். உள்ளே போனது 800 கிராம் கோழிச்சதை, 50 கிராம் எண்ணெய், 80 கிராம் தேங்காய், வெங்காயம் தக்காளி என்று மொத்தம் 1800 கலோரி. உங்கள் கிண்ணத்தில் 250 கிராம் எடுத்தால் ஆறில் ஒரு பங்கு, 300. எலும்போடு சமைத்தால் சாப்பிட்டு முடித்து எலும்பை எடை போட்டுக் கழித்துக்கொள்ளலாம். சமைத்த கறியின் எடைக்குப் பச்சைக்கறியின் கலோரியைப் போடாதீர்கள். வெந்தால் நீர் வற்றி எடை நன்றாகவே குறையும், கணக்கும் அந்த அளவுக்குப் பிசகும்.

நம் ஊர்ப் பொருட்களுக்கு, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப்பொருள் அட்டவணை நல்ல துணை. அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், கலோரியாக்க 4.18-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் இறங்குகிற 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும் வடிவம் கிளைக்கோஜன். அதன் ஒவ்வொரு கிராமும் 3 கிராமுக்குக் குறையாமல் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது, அது கரையும்போது தண்ணீரும் போகிறது. உப்பும் கூடவே போகிறது. சோறு நிற்கும்போது சாம்பாரும் ரசமும் ஊறுகாயும் நின்றுபோவதால் உப்பு வரத்தும் குறைகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. தலைவலிக்கும் கிறுகிறுப்புக்கும் முக்கியக் காரணம் இது. அரை டீஸ்பூன் உப்பை ஒரு நாளின் மோரிலும் ரசத்திலுமாகப் பிரித்துச் சேர்த்தால் பலருக்கு ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகச் சிக்கல் இருந்தால் இதையும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

சைவர்களுக்குப் புரதம்தான் பாடு. 85 கிராமைப் பனீரிலேயே எடுக்கப்போனால் 450 கிராம் வேண்டும், அதுவே 1200 கலோரி. உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 26 கிராம் புரதம், 170 கலோரிதான். பேலியோ குழுமங்களில் அதற்குத் தடை உண்டு. உடம்புக் கொழுப்பைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அந்தத் தடையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதப்பொடி ஒரு ஸ்கூப் இன்னொரு 24 கிராம் தரும். மாவுச்சத்தை 40-க்குள் அடக்கச் சைவர்கள் தவிக்க வேண்டியதும் இல்லை. 80 கிராம் வரை விட்டு, ஒரு கிண்ணம் பருப்பையோ சுண்டலையோ உள்ளே கொண்டுவருவதுதான் நீடிக்கும்.

எடையைத் தினமும் காலையில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். பெண்கள் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும், அப்போது நீர் தேங்கும். 380 கலோரி குறைவு என்றால் வாரம் 350 கிராம் போலத்தான் கொழுப்பு கரையும். அது நல்ல வேகம்.

நாலு வாரமாகச் சராசரி அசையவில்லை என்றால் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், முதலில் எண்ணெயையும் பாதாம் போன்ற கொட்டை வகைகளையும் ஒரு வாரம் மறுபடி எடை போடுங்கள். அளவு சரிதான் என்றால் புதிய எடைக்குச் சூத்திரத்தைத் திரும்பப் போடுங்கள். அந்தப் பெண் 72 கிலோவுக்கு வந்திருந்தால், 1.3-ஆல் பெருக்கி ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்த பிறகு வரும் விடை சுமார் 1400. வித்தியாசம் 50 கலோரி, நாளுக்கு ஒரு டீஸ்பூன் நெய். 6 கிலோ இறங்கிய பிறகு அவர் தட்டில் மாறவேண்டியது அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டை நிறுத்த வேண்டியதில்லை.