முதலில் நடுவில் ஓட்டை, அப்புறம் சோலார்

பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோரை மின்சாரம் மிச்சமாகும் ஆபீஸாக மாற்றப்போகிறோம் என்று யாராவது வரைபடம் காட்டினால், மொட்டைமாடியில் சோலார் எத்தனை என்று நான் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

சிக்கலே அங்கேதான். கடைக்கு ஜன்னல் தேவையில்லை. சுவரெல்லாம் அலமாரி, வாங்க வந்தவர் கண் சரக்கை விட்டு நகரக் கூடாது. ஆபீஸ் அப்படியா? ஜன்னலின் மேல்விளிம்பு 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் உருப்படியான பகல் வெளிச்சம் உள்ளே 6, 7 மீட்டர் வரைதான் வரும், பெரிய கடைகளின் தளமோ 50 மீட்டருக்கு மேல்கூடப் போகும். வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி போட்டாலும் (ஓரத்தில் உட்காருகிறவர் கண் கூசித் திரையை இழுத்துவிட்டு லைட்டைப் போட்டுக்கொள்வார்) நடுவில் இருப்பவருக்குக் காலை பத்தும் ராத்திரி பத்தும் ஒன்றுதான்.

வழி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. எஸ்கலேட்டர் போய்வந்த ஓட்டை! எஸ்கலேட்டரைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, உச்சியில் திறக்கிற மாதிரி கண்ணாடிக் கூரை போட்டால் வெளிச்சம் கீழே இறங்கும், சூடான காற்று தானாக மேலேறி வெளியே போகும். ஃபால்ஸ் சீலிங்கையும் பிரித்துவிட்டால், வெளியே குளிர்கிற ராத்திரிகளில் காற்றை உள்ளே விட்டு கான்கிரீட்டை ஆறவைக்கலாம், மறுநாள் மதியம் வரை ஏசிக்கு வேலை குறையும். தீப்பிடித்தால் புகையும் அதே வழியாகத்தான் ஏறும், அதற்கான ஏற்பாட்டில் கஞ்சத்தனம் கூடாது.

"வாடகை இடம் போகுதே" என்பார் உரிமையாளர். போகும்தான். ஆனால் அந்த இருட்டு நடுப்பகுதியை ஸ்டோர் ரூமுக்குத் தவிர யார் கேட்கப்போகிறார்கள்?

ஏசியிலும் இதே கதை. பழைய மிஷின் பண்டிகைக் கூட்டத்துக்கும் சுடுகிற ஸ்பாட்லைட்டுகளுக்கும் கணக்குப் போட்டது. எல்இடி மாற்றி, வெளிச்சுவருக்கு இன்சுலேஷன் கொடுத்த பிறகு அத்தனை டன் தேவைப்படாது. அதே அளவில் புதிது வாங்கி வைத்தால் அது நின்று நின்று ஓடி மின்சாரத்தைத் தின்னும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் கரண்ட் பில் இன்னும் குறையுமே என்பவர்கள், ஏற்கெனவே நிற்கிற அஸ்திவாரத்தையும் தூண்களையும் மறுபடி வார்க்க ஆகும் சிமென்ட், இரும்பைத் தயாரிக்கும்போது வெளியாகும் கார்பனைக் கணக்கில் காட்டுவதே இல்லை. லண்டன் மார்பிள் ஆர்ச்சில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையை இடித்து, கடையும் ஆபீஸுமாகக் கட்டும் திட்டத்துக்கு 2023இல் அரசு மறுப்புச் சொன்னது, நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது, 2024 டிசம்பரில் அனுமதியும் வந்துவிட்டது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.